கடல் குடித்த மட்டை

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்போது தோட்டக்காரர்கள் ஆகிவிட்டோம். முழங்காலை மடக்கி உட்கார முடியாத காலத்தில்தான் நமக்கெல்லாம் செடிமேல் ஆசை வருகிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடியாக வருவது யாராவது ஒருவர் வீட்டுக் கத்தரிக்காய்தான். செங்கல் மாதிரி இறுக்கிய தேங்காய் நார்த்தூள் கட்டியை ஆன்லைனில் வாங்கி, வாளித் தண்ணீரில் போட்டு, அது பொங்கி வருவதைப் படம் பிடித்து அனுப்பாதவர் இங்கே யார்? போன வாரம் செபராங் ஜெயாவில் இருக்கிற நம் தோழி ஒருத்தி கேட்டாள்: "கவர்மேல 'கழுவிய தூள்'னு போட்டிருக்கானே, தூளை எதுக்குடி கழுவணும்? அது என்னா அரிசியா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போய் இப்படி ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்புகிற வீடியோக்களை நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

நான் பிறந்து வளர்ந்தது பினாங்கில், ஜெலுத்தோங் கடற்கரையில் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். அந்தக் கரையை இப்போது போய்த் தேடினால் கிடைக்காது. கடலைத் தூர்த்துச் சாலை போட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கடல் எங்கள் கிட்டங்கியின் பின்வாசல் வரைக்கும் வந்துபோகும். கிட்டங்கி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அவ்வளவுதான். முன்பக்கம் தேங்காய், பின்பக்கம் மட்டை, பக்கத்துத் தடுப்புக்குள் நாங்கள் மூன்று பேர்.

அப்பா தேங்காய் உரிப்பதைப் பார்க்க வேண்டும். தரையில் ஊன்றிய இரும்புக் கோலில் காயைக் குத்தி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்புவார். சரக்கென்று மட்டை கழன்று விழும். பேசிக்கொண்டே செய்வார், கோலைப் பார்க்கவே மாட்டார். நான் கோலின் முனையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கோல் பிறகு எந்தப் பழைய இரும்புக்காரன் கைக்குப் போனதோ தெரியவில்லை.

உரித்த காய் சந்தைக்கும் நாசி கண்டார் சோற்றுக் கடைகளுக்கும் போய்விடும். மட்டைதான் எங்கேயும் போகாது. அதை மரக்கட்டையால் அடித்து நாரை எடுத்தால் மெத்தைக் கடைக்காரர் கொஞ்சம் வாங்குவார். அடிக்கும்போது உதிர்கிற தூளை யாரும் வாங்க மாட்டார்கள். தூளுக்கும் மிஞ்சிய மட்டைக்கும் அப்பா அறிந்த வழி ஒன்றுதான்: நெருப்பு. தேங்காய் மட்டை சட்டென்று எரிந்து முடிகிற சாமான் இல்லை. நாள் கணக்கில் உள்ளுக்குள்ளே கனிந்துகொண்டு புகையும். என் பள்ளிக்கூடச் சட்டை, புத்தகம், தலைமுடி எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறியிருக்கும். வகுப்பில் எனக்குப் 'புகைக்காரி' என்று பெயர். நான் இருமினால் அப்பா, "புகை நல்லதுலா, கொசு வராது" என்பார். கொசு வரவில்லைதான். எனக்கு இழுப்பு வந்தது. மூலை மருந்துக் கடையில் தைலம் வாங்கி மார்பில் தேய்த்துவிட்டு, மறுபடியும் போய்க் குவியலைக் கிளறிவிடுவார். அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது.

ஓர் ஆண்டு அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே பேசினார். இனி ஒரு தடவை இங்கே புகை வந்தால் லைசென்ஸ் கிடையாது, கொட்டகையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று சாப்பிடவில்லை. கிட்டங்கி போனால் கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட் பக்கம் எஸ்டேட்டில் இருந்த மாமா வீட்டோடு போய் ஒண்ட வேண்டும். என் பள்ளிக்கூடம் போய்விடும். அம்மாவுக்கோ, அண்ணன் வீட்டில் போய்ச் சோறு கேட்பதைவிடக் கடலில் குதிப்பது மேல்.

மழைக்காலம் தொடங்கியது. எரிக்கவும் முடியாது, கொட்டவும் இடமில்லை. கொட்டகைக்கு வெளியே தகரத்துத் தண்ணீர் அருவியாய் விழுகிற இடத்தில் மட்டையும் தூளும் குவிந்துகொண்டே போயின. அம்மா சமையலறையிலிருந்து வீசிய மிளகாய் விதை ஒன்று அந்தக் குவியலில் விழுந்து, செடியாகி, இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து காய்த்துத் தொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் தவுக்கே வந்தார். ஆயர் ஈத்தாமில் செடி விற்கிற சீன முதலாளி. ஆர்க்கிட் செடியை உட்கார வைக்க மட்டைத் துண்டு வாங்கிப்போக எப்போதாவது வருவார். இளமையில் நம் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தவர் என்பதால் தமிழும் மலாயும் கலந்து அடிப்பார். அன்றைக்கு மிளகாய்ச் செடியைப் பார்த்தவர், அம்மாவைக்கூடக் கேட்காமல் வேரோடு பிடுங்கிவிட்டார்.

"ஐயையோ, என் மொளகா!" என்று அம்மா கத்தினாள்.

அவர் காதிலேயே வாங்கவில்லை. வேரை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று நூல் நூலாய்த் தொங்கியது. "அண்ணே, இந்தத் தூளு எனக்கு வேணும்லா," என்றார் அப்பாவிடம்.

மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனார். அதில் போட்ட நாற்றெல்லாம் கிடுகிடுவென்று வளர்ந்ததாம். மழை விடும்வரை அவர் லாரி வந்துபோனது. புகை நின்றது. என் சட்டை முதல் தடவையாகச் சவர்க்கார வாசனையோடு பள்ளிக்கூடம் போனது. வகுப்பில் யாராவது மோந்து பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று வேண்டுமென்றே எல்லோர் பக்கத்திலும் போய் நின்றேன்.

மழை விட்டதும் தைப்பூச வேலை தொடங்கியது. பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தேர் வருகிற தெருவெல்லாம் தேங்காய் மலைமலையாய்க் குவியும். நம்மவரும் சீனரும் போட்டி போட்டு உடைப்பார்கள். அத்தனை காயும் எங்கேயோ ஓரிடத்தில் உரிபட்டுத்தானே வர வேண்டும்? அதில் ஒரு பங்கு எங்கள் அப்பாவின் இடுப்புத் திருப்பில் வந்தது. அதே நேரத்தில் தவுக்கேயும் வந்து நின்றார். சீனப் புத்தாண்டு நெருங்குகிறது, வாசலில் வைக்கிற லீமாவ் கஸ்தூரித் தொட்டி நிறையப் போட வேண்டும், தூள் எவ்வளவு இருந்தாலும் கொடு என்றார். மஞ்சள் காய் குலுங்குகிற அந்தச் சின்ன எலுமிச்சை வீட்டு வாசலில் இருந்தால் வருஷம் முழுக்கச் செல்வம் என்பது அவர்கள் நம்பிக்கை.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா கிடந்த தூளுக்கே இவ்வளவு மரியாதை என்றால், முறையாகச் செய்து கொடுத்தால் எப்படி இருக்கும்? அவருடைய அப்பா ஊரில் கயிறு திரித்தவர். கயிற்றுக்காரர் வீட்டில் பிறந்தவருக்கு ஒன்று தெரியும்: மட்டை உப்புத் தண்ணீரில் ஊறினால்தான் நார் பூப்போலக் கழலும். அப்பா மட்டைகளை வலையில் கட்டிப் பின்வாசலில் கடல் ஏறி இறங்குகிற இடத்தில் போட்டார். ஊறியதை எடுத்துக் காயவைத்து அடித்தால், தூள் காப்பித்தூள் போல நைசாக விழுந்தது. அதைத் தவுக்கே மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனார். மெத்தைக் கடைக்காரர் நாரைத் தடவிப் பார்த்து, "அடடா" என்றார். அப்பா அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள்ளே அம்மா பால்குட விரதத்தில் இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் பூசைக்குப் பிறகு. எங்களுக்குச் சமைப்பதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் அந்த ஒரு மண்டலமும் உப்புப் பார்க்கிற வேலை என்னுடையது. அடுப்படியிலிருந்து, "அடியே, உப்புப் பாரு!" என்று குரல் வரும். நான் ஓடிப்போய் உள்ளங்கையை நீட்டுவேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழும். நக்கிப் பார்த்து, "ஒரு கல்லு கம்மி" என்றோ, "சரி" என்றோ தீர்ப்புச் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எந்தப் பதவியும் இருந்ததில்லை. இது ஒன்றுதான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம் தவுக்கேயின் லாரி வந்து நின்றது. அவர் மூட்டை ஏற்றிக்கொள்ள வரவில்லை. இரண்டு லீமாவ் தொட்டிகளை இறக்கி அப்பாவின் காலடியில் வைத்தார். இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியிருந்தது. ஒரு தொட்டியை லேசாகத் தட்டினார். பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்து தரையில் உருண்டன.

"அண்ணே, நீ என்னா போட்டே இதுல?"

"ஒண்ணும் போடல தவுக்கே. சாமி சத்தியமா. அதே தூளுதான்."

"எல்லாம் இப்படித்தான் நிக்குது. இந்த லீமாவ் போச்சுன்னா எனக்கு நியூ இயர் இல்லலா." அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. தணிந்த குரலில் சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். தொட்டிகள் அங்கேயே நின்றன.

பக்கத்து வீட்டிலிருந்து பெரியம்மா வந்து பார்த்தார். அப்பாவின் அண்ணி. எதையும் பார்த்தவுடனே காரணம் சொல்லிவிடக்கூடிய வரம் பெற்றவர். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இது என்னா மட்டை தம்பி? தைப்பூசக் காயோடதுதானே? வேண்டுதல் காயோட மட்டையை வித்தா வெளங்குமா? சாமி குத்தம்லா இது," என்றார்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் கணக்கும் சரியாகத்தான் வந்தது. மழைக்காலத்தில் விற்றது கடைக்குப் போன காயின் மட்டை. அப்போது செடி செழித்தது. இப்போது விற்றது சாமிக்குப் போகிற காயின் மட்டை, செடி கருகிவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உள்ளே போய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னா செய்யப் போறீங்க?" என்றாள் அம்மா.

"சாமி சொத்து. கொளுத்தி அவர்ட்டயே குடுத்துர்றேன்."

"அந்தக் கழகத்து ஆளு சொன்னது?"

"லைசென்ஸ் பெருசா, சாமி பெருசா?"

குவியல் கூரை உயரத்தைத் தாண்டி நின்றது. அது புகைய ஆரம்பித்தால் ஜெலுத்தோங் முழுக்கத் தெரியும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாமியிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தெரியும், ஆனாலும் கோபித்துக்கொண்டேன். தவுக்கே செடிக்காக என் பள்ளிக்கூடத்தை ஏன் பிடுங்க வேண்டும்?

அம்மா அப்பாவோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவள் கண் லீமாவ் தொட்டியில் இருந்தது. குனிந்து தொட்டியின் விளிம்பை விரலால் சுரண்டினாள். வெள்ளையாக ஏதோ பொரிந்துபோய் ஒட்டியிருந்தது. கருவாடு காயவைக்கிற பாயின் ஓரத்தில் படியுமே, அப்படி. விரலை வாய்வரைக்கும் கொண்டுபோனவள் விரதம் ஞாபகம் வந்து நிறுத்தினாள். எனாமல் குவளை நிறைய நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தேநீர் நிறத்தில் வடிந்ததை அதே குவளையில் பிடித்தாள்.

"அடியே, உப்புப் பாரு!"

நான் பழக்க தோஷத்தில் உள்ளங்கையை நீட்டிவிட்டேன். ஒரு சொட்டு விழுந்தது. நக்கினேன். "அம்மா, கருவாட்டுத் தண்ணிமா!" என்று துப்பினேன்.

அப்பா டின்னைக் கீழே வைக்காமலேயே வந்து குவளையில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. "கடல்ல ஊறுனா கரிக்கத்தான் செய்யும். அதுக்கு?"

"அதுக்கா? மீனுக்குக் கடல் தண்ணி. மொளகாச் செடிக்கு நான் கடல் தண்ணியா ஊத்துனேன்? மழைக்காலத்துல வானம் கழுவி விட்டுச்சு. இப்ப நீங்க ஊறப்போட்டுட்டீங்க, கழுவ மழையும் இல்ல. கயிறுக்கு உப்பு நல்லதுன்னா செடிக்கும் நல்லதா? எனக்காச்சும் உப்புப் பாக்க இவ இருக்கா. அந்தச் செடிக்கு யாரு இருக்கா?"

அப்பா மண்ணெண்ணெயைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அதை அவர் தோல்வியாக ஒப்புக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். திரும்பி வந்து, "உப்பு இருக்கு, சரி. கடல்ல ஊறப்போடுற புத்தியை எனக்குக் குடுத்தது யாரு? சாமிதானே? வேண்டுதல் மட்டையை நான் இனி விக்க மாட்டேன்," என்றார். சாமிக்கும் உப்புக்கும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டார். அவிழ்க்க முடியவில்லை.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குப் பஸ் ஏறினாள். தவுக்கேயின் தோட்டம் ஒரு மேட்டுச் சரிவில் இருந்தது. வரிசை வரிசையாக லீமாவ் தொட்டிகள், எல்லாவற்றுக்கும் இலை ஓரத்தில் கருப்பு. அத்தனையும் எங்கள் வீட்டிலிருந்து போனது என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"தவுக்கே, ஓஸ் பைப்பை எடு. ஒவ்வொரு தொட்டிக்கும் வழிய வழியத் தண்ணி விடு. கீழ வர்ற தண்ணி கரிக்காம வர்ற வரைக்கும் விட்டுக்கிட்டே இரு."

"அக்கா, பைத்தியமா? லீமாவுக்கு இத்தனை பான்யாக் தண்ணி ஆகாதுலா. வேரு அழுகிப் போயிரும்."

"இப்ப மட்டும் நல்லாவா இருக்கு? சாவப் போற செடிதானே. குளிச்சிட்டுச் சாவட்டும்."

அவர் சிரிக்காமல் குழாயைத் திறந்தார். நாங்கள் மூவரும் பொழுது சாயும்வரை தொட்டி தொட்டியாக நனைத்தோம். ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் நான் கை நீட்டி உப்புப் பார்த்தேன். அன்றைக்கு என் நாக்கு தடித்துப்போய் இரண்டு நாள் எதற்கும் ருசி தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுச் சாம்பார் எப்படி இருந்தது என்று அப்பாதான் சொல்ல வேண்டும். அவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு மிகவும் நீளமாக இருந்தன. தவுக்கேயிடமிருந்து சேதி இல்லை. அம்மா தன் பாட்டுக்குக் குழாயடியில் பீப்பாய்களை வரிசையாக வைத்து, தூளைக் கொட்டி, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, கோணியில் பரப்பினாள். வாங்க ஆள் இல்லாத சரக்கை எதற்குக் கழுவுகிறாள் என்று பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அம்மா அடுத்த கோணியை விரித்தாள். அப்பா விற்கவும் மாட்டேன், எரிக்கவும் முடியாது என்று உட்கார்ந்திருந்தார். அக்கரையிலிருந்து காய் ஏற்றிய லாரி வந்து, இறக்க இடமில்லாமல் தெருவிலேயே நின்றது. தேர் புறப்பட இன்னும் சில நாள்தான். இந்த மட்டை நகர்ந்தால்தான் காய் உள்ளே வரும். காய் உள்ளே வந்தால்தான் அந்த வருஷத்துப் பிழைப்பு. லாரிக்காரர் இந்தா போகிறேன், அந்தா போகிறேன் என்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்த லாரிக்குப் பின்னால் தவுக்கேயின் லாரி வந்து நின்றது.

இறங்கியவர் கையில் ஒரு லீமாவ் கிளை. பழைய இலைகளின் கருகல் அப்படியே இருந்தது. ஆனால் நுனியில் இளம்பச்சையாக மூன்று நான்கு துளிர். அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தேன்.

"எல்லாம் பொழைக்கல. ஆனா பொழைச்சதுல காய் நிக்குது, நியூ இயருக்குப் போதும்லா," என்றார் தவுக்கே. பிறகு அப்பாவிடம் திரும்பினார். "அண்ணே, தண்ணி விடுறப்போ உங்க முருகனுக்கு நானும் வேண்டிக்கிட்டேன். தேருக்குக் காய் ஒடைக்கணும். ஒரு லாரி காய் எனக்கு உரிச்சுக் குடு. மட்டையும் தூளும் என் தோட்டத்துக்கு."

அப்பா முகத்தில் சந்தோஷம் வந்து பாதியில் நின்றது. "காய் தர்றேன் தவுக்கே. மட்டை முடியாது. வேண்டுதல் காய் மட்டை சாமியோடது."

தவுக்கேக்குப் புரியவில்லை. தலையைச் சொறிந்தார். "வேண்டுனது யாரு? நான். காசு குடுத்தது யாரு? நான். சாமிக்குக் காய் குடுக்குறேன்னுதானே சொன்னேன்? மட்டையும் சேத்து யாரு குடுத்தா? ரோட்டுல மட்டையோட ஒடைச்சா சாமி வாங்கிக்குமா?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா, "அதானே, மட்டையை வச்சிக்கிட்டு சாமி என்னா செய்யும்?" என்றார், பிறந்ததிலிருந்து அதையே சொல்லி வந்தவர் மாதிரி.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை நாளாக அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். கைலியை மடித்துக் கட்டினார். குவியலோரம் கிடந்த முதல் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்து, நேரே தவுக்கேயின் லாரியைப் பார்த்து நடந்தார்.

குழாயடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதை இறக்குங்க. அது இன்னும் கழுவல."

அப்பா மூட்டையோடு திரும்பிக் குழாயடிக்கு நடந்து, அம்மாவின் பீப்பாய்க்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்தார்.